தொப்பூர் எறக்கத்துக்கு எந்த டிஸ்க், எந்த பேட்? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பிரேக் பத்தினதுதான் அதிகம், அதுலயும் பழைய டர்போ, பழைய விடெக்னு ஆசையா வெச்சு ஓட்டுறவங்க கேட்டது. நம்ம பக்கம் தொப்பூர், ஒகேனக்கல் ரோடு, வத்தல்மலை, அஞ்செட்டின்னு எறக்கத்துக்குப் பஞ்சமே இல்ல, அதனால இந்த தடவை பக்கம் முழுக்க பிரேக்குக்கே ஒதுக்கியாச்சு. புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: டிஸ்க்ங்கிறது சக்கரத்தோட சேர்ந்து சுத்துற இரும்புத் தட்டு, பேட்ங்கிறது அதை ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கிற கட்டை.

கேள்வி: அண்ணா, என்கிட்ட 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் இருக்கு, மூணாவது ஓனர் நான். வேலை சேலத்துல, தொப்பூர் வழியாதான் போக்குவரத்து. கணவாய்ல பாதி எறங்கினதுக்கு அப்புறம் பிரேக் மிதிச்சா ஸ்டீயரிங் உதறுது. ஒர்க்‌ஷாப்ல டிஸ்க் வளைஞ்சிடுச்சு, நாலும் மாத்தணும்னு சொல்றாங்க. ஃப்ரெண்டு ஒருத்தன் ஓட்டை போட்ட டிஸ்க்கும் ரேசிங் பேடும் போடுங்கிறான். எதை வாங்குறது? (ஒரு வாசகர், பாலக்கோடு)

பதில்: தம்பி, நல்ல வண்டி வெச்சிருக்கீங்க. 1.8 டர்போ, 150 குதிரை சக்தி, இன்னைக்கும் ஏத்தத்துல லாரியைத் தாண்டணும்னா யோசிக்காம தாண்டும், அப்படிப்பட்ட வண்டிக்கு பிரேக்கும் அதே தெம்போட இருந்தே ஆகணும்.

ஆனா டிஸ்க் வளைஞ்சிடுச்சுங்கிறதை அப்படியே எடுத்துக்காதீங்க. வார்ப்பிரும்பு டிஸ்க் ரோட்டுல ஓட்டுற சூட்டுக்கு அவ்வளவு சுலபமா வளையாது. பெரும்பாலும் என்ன ஆகுதுன்னா, ஒரு சுத்து முழுக்க ஒரே கனமா இருக்க வேண்டிய டிஸ்க் அப்படி இல்லாம போயிடுது, 0.02 எம்எம் வித்தியாசம் வந்தாலே கால்லயும் ஸ்டீயரிங்லயும் தெரிய ஆரம்பிச்சிடும். அது ரெண்டு வழியில வரும். ஒண்ணு, சூடான பேட்ல இருந்து மெட்டீரியல் டிஸ்க் மேல திட்டுத்திட்டா ஒட்டிக்கும், எறக்கம் முடிஞ்ச கையோட டிராஃபிக்ல பிரேக்கை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னீங்கன்னா பேட் இருந்த எடம் அச்சு மாதிரி பதிஞ்சிடும். ரெண்டாவது, ஹப் (சக்கரமும் டிஸ்க்கும் மாட்டுற நடு பாகம்) முகத்துல இருக்கிற துரு. டிஸ்க் உக்கார்ற அந்த முகத்துல ஒரு சின்ன துரு திட்டு இருந்தாலும் டிஸ்க் கோணலா உக்காரும், ஒவ்வொரு சுத்துலயும் பிரேக் மிதிக்காதப்பவே ஒரே எடத்துல பேட்ல உரசிக்கிட்டே ஓடும், சில ஆயிரம் கிலோமீட்டர்ல அந்த எடம் மட்டும் தேஞ்சு உதறல் ஆரம்பிக்கும். புது டிஸ்க் போட்டு கொஞ்ச நாள்ல திரும்பவும் உதறுதுங்கன்னு நிறைய பேர் எழுதுறாங்களே, அதுக்குப் பின்னாடி பாதி இந்த ஹப் துருதான்.

அதனால எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒர்க்‌ஷாப்ல ரெண்டு அளவு எடுக்கச் சொல்லுங்க. மைக்ரோமீட்டர் வெச்சு டிஸ்க்கோட கனம், ஏழெட்டு எடத்துல. அப்புறம் டயல் கேஜ் வெச்சு டிஸ்க் எவ்வளவு ஆடுதுன்னு, அது 0.1 எம்எம்-க்குள்ள இருக்கணும், இன்னும் கம்மியா இருந்தா நல்லது. டயல் கேஜ் எங்ககிட்ட இல்லீங்கன்னு சொன்னா வேற எடம் பாருங்க, தர்மபுரியில இல்லேன்னா ஓசூர்லயோ சேலத்துலயோ கண்டிப்பா கிடைக்கும், இதுல கூச்சப்படவே வேண்டாம். டிஸ்க்கோட நடு கிண்ணத்துலயோ ஓரத்துலயோ இவ்வளவுதான் குறைஞ்சபட்ச கனம்னு ஒரு நம்பர் அடிச்சிருப்பாங்க. அதுக்குக் கீழ போயிருந்தா பேச்சே இல்ல, மாத்தணும். முன்னாடி மட்டும்தான் தேஞ்சிருக்குன்னா முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துனா போதும், நாலும் மாத்தணும்னு கட்டாயம் கிடையாது. ஆனா ஒரு ஆக்சில்ல ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

அடுத்தது சைஸ். இங்கதான் காசு வீணாப் போகும். உங்க வண்டி இருக்கிற அந்த பிளாட்ஃபார்ம்ல (பல மாடலுக்கும் பொதுவான அடித்தளம்) முன்னாடி டிஸ்க் மட்டும் 256, 280, 288, 312 எம்எம்னு பல சைஸ்ல வந்திருக்கு. வண்டி பேரையும் வருஷத்தையும் சொல்லி வாங்கினா கடைக்காரர் எதையாவது தலையில கட்டிடுவார். டிக்கியில ஸ்டெப்னி பக்கம் இல்லேன்னா சர்வீஸ் புக்குல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல மூணு மூணு எழுத்தா பிஆர் கோடுங்க இருக்கும், அதுல பிரேக்குக்கு ஒரு கோடு உண்டு. அதையோ சேசிஸ் நம்பரையோ குடுத்துதான் பார்ட் நம்பர் எடுக்கணும். மூணாவது ஓனர்ங்கிறீங்க, முன்னாடி இருந்தவங்க வேற சைஸ் மாட்டியிருந்தாலும் மாட்டியிருக்கலாம், அதனால கழட்டுன டிஸ்க்கோட விட்டம், கனம் ரெண்டையும் ஒரு தடவை அளந்து ஒத்துப் பாத்துக்கோங்க.

இப்ப ஃப்ரெண்டு சொன்ன விஷயம். ஒரு சின்ன கணக்கு போடலாம். ஆளோட சேத்து வண்டி 1400 கிலோன்னு வெச்சுக்கங்க. 100 கிலோமீட்டர் வேகத்துல இருந்து ஒரே தடவையா நிறுத்துனா பிரேக் முழுங்க வேண்டிய சக்தி சுமார் 5.4 லட்சம் ஜூல். அதே வண்டி 100 மீட்டர் உயரத்தை எறங்கினா, வேகம் ஏறாம பாத்துக்கிறதுக்கு மட்டும் 13.7 லட்சம் ஜூல் எங்கயாவது போகணும். அதாவது 100-ல இருந்து ரெண்டரை தடவை அடிச்சு நிறுத்துற சூடு. கொஞ்சம் காத்து எடுத்துக்கும், கியர்ல விட்டா இன்ஜின் நிறைய எடுத்துக்கும், மீதி எல்லாமே டிஸ்க்குக்குத்தான் போகும். அந்த சூட்டை வாங்கி வெச்சுக்கிறது டிஸ்க்குல இருக்கிற இரும்போட எடைதான். ஓட்டை போட்டா எடை குறையுது, ஓட்டையோட விளிம்புல இருந்து வெடிப்பும் ஆரம்பிக்கும். அந்தக் காலத்து பேட்ல சூட்டுக்கு கேஸ் வரும், அது வெளிய போகத்தான் ஓட்டை போட ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு நல்ல பேட்ல அந்தப் பிரச்சனை ரொம்பக் கம்மி. கோடு வெட்டுன டிஸ்க் பரவாயில்ல, பேட் முகத்தை சுத்தமா வெச்சுக்கும், ஆனா ஒரு உறுமல் சத்தம் வரும், பேடும் சீக்கிரம் தேயும். உங்களுக்கு ரெண்டும் வேண்டாம். ப்ளெயின் டிஸ்க், நடுவுல காத்து போற வழி இருக்கிற கம்பெனி சைஸ், ஹை கார்பன் வார்ப்பு கிடைச்சா அது. இதைத்தான் நான் திட்டவட்டமா சொல்லுவேன்.

ரேசிங் பேட் ரோட்டுக்கு சுத்தமா வேண்டாம். அது இருங்காட்டுக்கோட்டை டிராக்லயோ கோயம்புத்தூர் கரி டிராக்லயோ சுத்தி சுத்தி அடிக்கிறவங்களுக்கு, சூடு ஏறினாத்தான் பிடிக்கும். காலையில பாலக்கோட்டுல வண்டி எடுத்து முதல் முக்குல ஒரு ஆடு குறுக்க வந்தா அது பிடிக்காது. ஏடிஈ, டெக்ஸ்டார், டிஆர்டபிள்யூ, பிரெம்போ, இவங்கல்லாம் ஐரோப்பிய கார் கம்பெனிங்களுக்கே சப்ளை பண்றவங்க, இவங்களோட சாதாரண ரோடு பேட்ல ஈசிஇ ஆர் 90-ங்கிற ஐரோப்பிய தர முத்திரை இருக்கான்னு பாருங்க. கம்பெனி பேட் எவ்வளவு பிடிக்குமோ அதுல இருந்து 15 சதவீதத்துக்கு மேல கூடவோ குறையவோ கூடாதுங்கிறது அந்த முத்திரையோட விதி. முன்னாடி பின்னாடி பிரேக் எவ்வளவு பங்கு எடுக்கணும்னு இன்ஜினியருங்க கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க, ஒரு பக்கம் மட்டும் முரட்டு பேட் போட்டா அந்தக் கணக்கு கெட்டுப் போகும்.

மாட்டும்போது ஹப் முகத்தை கம்பி பிரஷ் போட்டு இரும்பு பளிச்சுன்னு தெரியிற வரைக்கும் சுத்தம் பண்ணச் சொல்லுங்க, பக்கத்துலயே நின்னு பாருங்க. புது டிஸ்க்ல இருக்கிற துரு தடுக்கிற எண்ணெயை பிரேக் கிளீனர்ல துடைக்கணும். வீல் போல்ட்டை ஏர் கன் வெச்சு கண்டபடி அடிக்க விடாதீங்க, உங்க வண்டிக்கு 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச்சுல.

கேள்வி: ஐயா, பேட் ஓரத்துல எஃப்எஃப், ஜிஜி-னு எழுத்து இருக்கு. ஜி தான் ஒசத்தின்னு கடையில சொல்றாங்க, உண்மையா? (ஓசூர் வாசகர்)

பதில்: அந்த ரெண்டு எழுத்து உராய்வு எவ்வளவுன்னு சொல்றது. முதல் எழுத்து சாதாரண சூட்டுல, ரெண்டாவது எழுத்து நல்லா சூடேறினப்போ. இ-ன்னா 0.25-ல இருந்து 0.35, எஃப்-னா 0.35-ல இருந்து 0.45, ஜி-ன்னா 0.45-ல இருந்து 0.55. ஜி போட்டா லேசா மிதிச்சாலே பிடிக்கும், அது உண்மை. ஆனா எவ்வளவு நாள் உழைக்கும், டிஸ்க்கை எவ்வளவு திங்கும், சத்தம் வருமா, இது எதையும் அந்த எழுத்து சொல்லாது. நீங்க கவனிக்க வேண்டியது ரெண்டாவது எழுத்து முதல் எழுத்தை விட கீழ எறங்காம இருக்கான்னு. எஃப்இ-ன்னு இருந்தா சூடேறினதும் பிடி குறையுதுன்னு அர்த்தம், மலைப் பக்கம் ஓட்டுறவங்க அதைத் தொடவே வேண்டாம். பழைய வேகமான காருக்கு எஃப்எஃப் நல்ல எடம். பேட்ல ஒட்டியிருக்கிற மெட்டீரியல் 3 எம்எம்-க்கு வந்துட்டா அடுத்த சர்வீஸ் வரைக்கும் பாக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: சார், 2002 ஹோண்டா சிட்டி விடெக். முன்னாடி டிஸ்க்கும் பேடும் புதுசா நல்லதாவே போட்டேன். போன வாரம் குடும்பத்தோட ஒகேனக்கல் எறங்கும்போது பெடல் மெத்துன்னு உள்ள போயிடுச்சு, ரெண்டு மூணு தடவை பம்ப் அடிச்சுத்தான் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழிச்சு தானா சரியாயிடுச்சு. பேட் டூப்ளிகேட்டா? (பென்னாகரம் வாசகர்)

பதில்: குடும்பத்தோட இருக்கும்போது இப்படி ஆனதைப் படிக்கவே பதறுதுங்க. நல்லபடியா நின்னீங்க. அடுத்த தடவை வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிடுங்க, தள்ளிப் போடாதீங்க.

எறக்கத்துல பிரேக் போறது ரெண்டு விதம், ரெண்டையும் கால் வெச்சே கண்டுபிடிக்கலாம். பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குதுன்னா பேட் தாங்குற சூட்டுக்கு மேல சூடாயிடுச்சு. பெடல் மெத்துன்னு தரை வரைக்கும் போகுதுன்னா பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவி குமிழி வந்துடுச்சு, ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம், அதனால கால் உள்ள போகுது, சூடு ஆறினதும் குமிழி கரைஞ்சு பழையபடி ஆயிடும். நீங்க சொல்றது அச்சு அசலா ரெண்டாவது. பேட் மேல பழி போட வேண்டாம்.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ரப்பர் ஹோஸ் வழியாக் கூட. டாட் 3-ங்கிற கிரேடு ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் 3.7 சதவீதம் ஏறிடுச்சுன்னா 140-லயே கொதிக்கலாம். டாட் 4-க்கு புதுசுல 230, ஈரத்தோட 155. டாட் 5.1-க்கு 260, ஈரத்தோட 180. இதெல்லாம் அந்தந்த கிரேடுக்கு இருக்க வேண்டிய குறைஞ்சபட்சம். பழைய வண்டியில ஆயில் மாத்துறதே இல்ல, குறைஞ்சா மேல ஊத்துறாங்க, அவ்வளவுதான். முழுசா பழசை வெளிய எடுத்து, நாலு வீல்லயும் பிளீடிங் பண்ணி (உள்ள இருக்கிற காத்தை வெளிய எடுத்து), நல்ல டாட் 4 ஊத்துங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. டாட் 5-ன்னு மட்டும் ஒண்ணு இருக்கு, அது சிலிக்கோன் ஆயில், மத்ததோட சேராது, உங்க வண்டிக்கு ஆகவே ஆகாது. 5.1 வேற, 5 வேற, கடையில பாட்டிலைத் திருப்பிப் படிச்சு வாங்குங்க.

கூடவே பின்னாடி டிரம்மையும் (உள்பக்கமா லைனிங் அமுக்கிப் பிடிக்கிற உருளை வகை பிரேக்) பிரிச்சுப் பாருங்க. உங்க சிட்டியில பின்னாடி டிரம்தான், லைனிங் தேஞ்சோ அட்ஜஸ்டர் துருப்பிடிச்சோ அது வேலையே செய்யலேன்னா பாரம் முழுக்க முன்னாடி டிஸ்க் மேல விழும், சூடும் அங்கதான் ஏறும். முன்னாடி கேலிப்பர் (பேடை டிஸ்க் மேல அமுக்குற பாகம்) நகர்ற பின் இறுகியிருந்தாலும் இதே கதி, பேட் டிஸ்க்கை விடாம உரசிக்கிட்டே வரும். இருபது வருஷம் தாண்டின ரப்பர் ஹோஸை இந்த சாக்குல மாத்திடுங்க, உள்பக்கம் உப்பிப் போய் ஆயில் திரும்பி வராம அடைச்சுக்கும். ஒகேனக்கல் எறங்கும்போது மூணாவது கியர், வளைவுல ரெண்டாவது, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தமா மிதிங்க, லேசா மிதிச்சபடியே எறங்காதீங்க. நியூட்ரல்ல விடுறதைப் பத்தி சொல்லவே வேண்டாம், தொப்பூர்ல டீசல் மிச்சம் பிடிக்கிறேன்னு லாரிங்க அப்படி எறங்கித்தான் எத்தனை உயிர் போயிருக்கு.

கேள்வி: பர்கூர் பக்கம் குவாரி ரோட்டுல தினம் ஓட்டுறேன். டிஸ்க்ல கோடு கோடா பள்ளம் விழுந்திருக்கு. லேத்ல குடுத்து சமன் பண்ணிக்கலாமா?

பதில்: கிரானைட் தூள் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல மாட்டினா பள்ளம் விழத்தான் செய்யும். நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க, நகம் மாட்டாத லேசான கோடுன்னா அப்படியே ஓட்டலாம், அதனால ஒண்ணும் ஆகாது. ஆழமா இருந்தா லேத்ல போடலாம், ஆனா ரெண்டு முகத்துலயும் சமமா எடுத்து முடிச்சதுக்கு அப்புறமும் குறைஞ்சபட்ச கனத்துக்கு மேல ஓரளவு மிச்சம் இருக்கணும், ஓட்ட ஓட்ட தேயிறதுக்கும் எடம் வேணுமில்ல. மெலிஞ்ச டிஸ்க் சீக்கிரம் சூடாகும், அதனால வேகமான வண்டிக்கு நான் லேத்தை விட புது டிஸ்க்கைத்தான் சொல்லுவேன். பேட் தூளை காத்தடிச்சு ஊத விடாதீங்க, பழைய பேட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, கிளீனர் அடிச்சு ஈரத்துணியில துடைக்கிறதுதான் அந்த வேலை செய்யிற பசங்க நெஞ்சுக்கு நல்லது.

கேள்வி: என் பழைய ஆக்டேவியாவுல 288 எம்எம் டிஸ்க். 312 போட்டா சீக்கிரம் நிக்குமா? (காரிமங்கலம்)

பதில்: ஒரு தடவை சடன் பிரேக் அடிக்கிறதுல பெருசா வித்தியாசம் வராது. ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிற அமைப்பு) வேலை செய்யிற அளவுக்கு உங்க பிரேக் இப்பவே பிடிக்குதுன்னா அதுக்கு மேல நிறுத்துறது டயர்தான், அந்தக் காசுக்கு நாலு நல்ல டயர் போட்டா சீக்கிரம் நிக்கும். பெரிய டிஸ்க்கோட லாபம் சூட்டுலதான், திரும்பத் திரும்ப அடிச்சாலும் தாங்கும். தினம் கணவாய் எறங்குறவங்கன்னா யோசிக்கலாம். ஆனா கேலிப்பர் கேரியரும் மாத்தணும், 15 இன்ச் வீல்ல 312 உள்ள போகாது, 16 வேணும். இதையெல்லாம் சேத்து கணக்குப் போட்டுட்டு எறங்குங்க.

கேள்வி: புது பேட் போட்டதுல இருந்து கீச்சுன்னு சத்தம், பிடியும் பத்தல. மெக்கானிக் ஓட்ட ஓட்ட சரியாகும்ங்கிறார். (கிருஷ்ணகிரி)

பதில்: ஓட்ட ஓட்ட ஆகலாம், ஆனா முறையா பண்ணினா ஒரே காலையில முடியிற வேலை. புது பேடும் டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு படியணும், பேட்ல இருந்து மெல்லிசா ஒரு பூச்சு டிஸ்க் முழுக்க சமமா ஏறணும். விடிகாலையில ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோடா பாத்து, பின்னாடி வண்டி வரலேன்னு உறுதி பண்ணிக்கிட்டு, 60-ல இருந்து 15 வரைக்கும் நல்ல அழுத்தமா, ஏபிஎஸ் துடிக்காத அளவுக்கு பிரேக் பிடிங்க. முழுசா நிறுத்தாதீங்க, திரும்ப வேகம் எடுத்து அதே மாதிரி, எட்டு பத்து தடவை. அப்புறம் பிரேக்கை முடிஞ்ச வரைக்கும் தொடாம கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுங்க, சூடா இருக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்த வேண்டாம். இதுக்கு அப்புறமும் கீச்சுன்னா பேட் பின்னாடி இருக்கிற தகடு, கிளிப் ரெண்டையும் புதுசு போட்டாங்களான்னு பாருங்க, பழைய துருப்பிடிச்ச கிளிப்பையே திரும்ப மாட்டியிருப்பாங்க. கேலிப்பர் பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ்தான் போடணும், சாதாரண கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிப் போய் பின் இறுகிடும்.

கேள்வி: நான் ஊத்தங்கரையில சின்னதா ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். ஸ்கோடா பின்னாடி பேட் மாத்தும்போது, கேலிப்பர்ல பேடை அமுக்குற பிஸ்டன் உள்ள போகவே மாட்டேங்குதுங்க. சி கிளாம்ப் போட்டு இறுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. உங்ககிட்ட வந்த வண்டியில பின்னாடி ஹேண்ட் பிரேக் கேபிள் கேலிப்பர்லயே வந்து மாட்டியிருந்தா உள்ள திருகாணி மாதிரி ஒரு அமைப்பு இருக்கும், பிஸ்டனை அமுக்கிக்கிட்டே வலது பக்கமா சுத்தினாத்தான் உள்ள போகும், கிளாம்ப் போட்டு நெருக்கினா உள்ள இருக்கிறது உடைஞ்சு கேலிப்பரே போயிடும். அதுக்குன்னே பிஸ்டன் சுத்துற டூல் செட் விக்குது, பெங்களூரு ஜே.சி. ரோட்டுல கிடைக்கும், ஒரு தடவை வாங்கி வெச்சா வேற பல கார்களுக்கும் ஆகும். பிஸ்டன் உள்ள போகும்போது மேல ரிசர்வாயர்ல ஆயில் ஏறி வழியும், பெயின்ட்ல பட்டா உரிச்சிடும், அதனால முன்னாடியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துடுங்க. வேலை முடிஞ்சதும் வண்டியை நகத்துறதுக்கு முன்னாடி பெடலை பல தடவை மிதிச்சு கெட்டியாக்கிட்டுத்தான் ரிவர்ஸ் கியரே போடணும், இதை கூட இருக்கிற பசங்களுக்கும் சொல்லி வெச்சுடுங்க.